நிமிர்ந்த உடலும் வளைந்த முதுகும்: மூச்சளவீட்டு வரலாற்றில் உயரம்

முதுகெலும்பு வளைந்தால் மூச்சு குன்றும் என்னும் அறிவு மிகப் பழமையானது. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் ‘மூட்டுகள்’ என்னும் கிரேக்க மருத்துவ நூல், உதரவிதானத்திற்கு மேலே கூன் விழுந்தவர்களின் மார்பு அகலாமல் முன்னோக்கிக் கூம்புவதையும் அவர்கள் மூச்சிரைப்பால் வருந்துவதையும் குறிப்பிடுகிறது. அக்குறையை எண்ணால் உரைக்கும் வழி 19ஆம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று.

1846இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன், ஸ்பைரோமீட்டர் கொண்டு 2000க்கும் மேற்பட்டோரை அளந்து தம் ஆய்வை வெளியிட்டார். ஆழ மூச்சிழுத்தபின் ஒருவர் வெளிவிடக்கூடிய மிகுதியான காற்றளவுக்கு ‘உயிர்ப்புக் கொள்ளளவு’ என்னும் பொருளில் பெயரிட்டார். 5 அடிக்கும் 6 அடிக்கும் இடையே உயரம் ஓர் அங்குலம் கூடுந்தோறும் இக்கொள்ளளவு 8 கன அங்குலம் கூடும் என்பது அவர் கண்ட விதி. சோதனைக்கு வருபவர் முற்றிலும் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பதும் அவர் வகுத்த முறையே. நிமிர இயலாத உடலுக்கு இவ்விதியில் இடமில்லை.

இது சிறு குறையன்று. முதுகு வளைவால் ஒருவர் 4 அங்குல உயரத்தை இழந்தார் எனக் கொள்வோம். ஹட்சின்சன் விதிப்படி அவருக்குரிய எதிர்பார்ப்பு அளவே 32 கன அங்குலம், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மிகுதியாக, தாழ்ந்துவிடும். தாழ்ந்த அளவோடு ஒப்பிடும்போது சுருங்கிய நுரையீரலும் ஏறக்குறைய இயல்பானதாகவே தோன்றும். நோய், தன்னை அளக்கும் கோலையும் சேர்த்தே குறுக்கிவிடுகிறது.

1947இல் பிரான்சில் டிஃபனோவும் பினெல்லியும் முன்வைத்த நொடிக் கொள்ளளவு விகிதமும் இங்குப் பெரிதும் உதவவில்லை. அது காற்றுக்குழாய் அடைப்பைக் காட்டுவது. மார்புக்கூடு விரியாத நிலையில் இரு அளவுகளும் ஒருங்கே குறைவதால் விகிதம் பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும். 1948இல் காப் விளக்கிய கோண அளவீடு வளைவைத் துல்லியமாக்கியது. ஆயினும் வளைவு அமைந்த இடம், அது தொடங்கிய வயது ஆகியவற்றையும் கருதாமல் கோணத்தை மட்டும் கொண்டு மூச்சிழப்பைக் கணிக்க இயலாது.

தீர்வு கைகளிலிருந்து வந்தது. முதுகெலும்பு வளைந்தாலும் கைகளின் நீளம் குறைவதில்லை. 1965இல் ஹெப்பர், பிளாக், ஃபௌலர் ஆகியோர் இயல்பானவர்களிடத்தும் முதுகு வளைந்தவர்களிடத்தும் நுரையீரல் கொள்ளளவை உயரத்தோடும் கைவிரிவோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தமிழ்க் கடலோடிகள் ஆழம் அளக்கும் ‘பாகம்’ இக்கைவிரிவே. கைவிரிவுக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு பால், வயது, இனக்குழு ஆகியவற்றுக்கேற்ப மாறுவதால், ஒரு மக்கட்குழுவில் கண்ட மாற்றுக்கணக்கை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்துதல் தகாது.