கேட்போர் – ரமண நூல்களில்

குருவிடமோ ஞானியிடமோ குறி சொல்பவரிடமோ வினாவோடு வந்து நிற்பவர் கேட்போர். ஆங்கிலத்தில் இவருக்குக் குவரிஸ்ட், குவரன்ட் என்று வழக்கில் அருகிவிட்ட இரண்டு பெயர்கள் உண்டு. முன்னதைத் தலைப்பாக்கி, அயர்லாந்தின் பிஷப் ஜார்ஜ் பெர்க்லி 1735 முதல் 1737 வரை அந்நாட்டுப் பொருளாதார நிலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது முழுக்க வினாக்களால் ஆனது. பின்னது பெரும்பாலும் சோதிடம் பார்க்க வந்தவரைக் குறிக்கும். தமிழ்நாட்டில் கேட்போரைப் பற்றி எழுத்துப் பதிவு பெருகிக் கிடக்கும் இடங்களுள் ஒன்று, அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைச் சுற்றி எழுந்த நூல்கள். தாமாக முனைந்து அவர் எழுதியது மிகக் குறைவு. பெரும்பகுதி யாரோ கேட்டதால் வந்தது. ஆகவே அந்நூல்களின் வரலாற்றைச் சொன்னவரைக் கொண்டு மட்டும் எழுதிவிட முடியாது. எது சொல்லப்பட்டது, எந்த மொழியில், எந்த வடிவில் எஞ்சியது என்பவற்றைத் தீர்மானித்ததில் கேட்டவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதே சான்றுகள் காட்டும் நிலை.

இலக்கண மரபு கேட்போரை வினாவின் வகையால் அறிந்தது. நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. எட்டில் ஒன்று வினாவுக்கு வினாவையே விடையாக்குவது. நேராகச் சொல்லாவிட்டாலும் பொருளை உணர்த்திவிடும் ஐந்தனுள் அதைச் சேர்ப்பார்கள். ரமணரின் விடைகளில் மிகப் புகழ்பெற்றது, கேட்கிறவர் யார் என்று கேட்டவர் பக்கமே வினாவைத் திருப்புவது. அதைப் புதுமை என்று கொள்வோரும், பழைய உத்திக்குப் புதுப் பயன் என்று கொள்வோரும் உள்ளனர். கரிசல் பக்கத்துக் கோடாங்கிகளிடம் குறி கேட்கப் போவோரின் வழக்கம் இதனினும் பழையதாக இருக்கலாம். ஏட்டில் ஏறியது சொற்பம்.

திருச்சுழி குண்டாற்றங்கரை ஊர். சுந்தரர் பாடிய பூமிநாதர் கோயில் உள்ளது. அன்று மதுரை மாவட்டத்திலும், 1910 முதல் ராமநாதபுரத்திலும், 1985 முதல் விருதுநகரிலும் அடங்கியது. இங்கே 1879 டிசம்பர் 30இல், பின்னர் ரமண மகரிஷி எனப்பட்ட வேங்கடராமன் பிறந்தார். தந்தை சுந்தரமய்யர் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பின்னர் சன்னது இல்லாத வக்கீலாக உயர்ந்தவர். மழையை நம்பிய சீமையில் பிறர் குறையை முறையான வாக்கியமாக்கித் தருவது சிறிய தொழில் அன்று. 1892இல் அவர் இறந்தபின் பிள்ளை மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். வாழ்க்கை வரலாறுகள் எடுத்துச் சொல்லும் முதல் கேள்வி அவரே கேட்டது: 1895 நவம்பரில், அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்ன முதிய உறவினரிடம் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வினவினார். 1896 ஜூலையில் நிகழ்ந்ததாகக் கூறப்படும், தாம் இறப்பதாகவே அவர் உணர்ந்த மரண அனுபவத்தின் சரியான நாள் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் 29, அருணாசலம் எனும் திருவண்ணாமலை சேர்ந்தது செப்டம்பர் 1.

அவரிடம் பிறர் கேட்டவற்றுள் முதலில் எழுத்தில் விடை பெற்றதாக அறியப்படுவது ஆன்மாவைப் பற்றியதே அல்ல. 1897இல் குருமூர்த்தம் என்ற இடத்தில் பேசாமல் இருந்த இளைஞரின் பெயரும் ஊரும் அறிய, தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கர் வேங்கடராமய்யர் வந்தார். பட்டினி கிடந்தாலும் சரி, வேலைக்குப் போகாமல் இருந்தாலும் சரி, விடை தெரியாமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பெயரும் திருச்சுழி என்ற ஊரும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டன. 'ழ'கரத்துக்கு எழுதிய எழுத்துக்கூட்டு கணக்கருக்குப் புரியவில்லை. பக்கத்தில் கிடந்த பெரிய புராணத்தில் அவ்வூர்ப் பெயர் வரும் இடத்தை இளைஞர் சுட்டிக் காட்டினார். ஒரு 'ழ'கரத்துக்காகச் சேக்கிழார் சாட்சிக்கு அழைக்கப்பட்ட இந்நிகழ்ச்சி, பல வாழ்க்கை வரலாறுகளில் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. ஊர் தெரிந்ததன் விளைவாகவே செய்தி மதுரைக்கு எட்டியது. 1898 டிசம்பரில் தாய் அழகம்மாள், அப்போது மகன் தங்கியிருந்த பவழக்குன்றுக்கு வந்து, வீடு திரும்பும்படி நாள்கணக்கில் கெஞ்சினார். மகன் பேசவில்லை. அருகிலிருந்த பச்சையப்ப பிள்ளை பென்சிலும் தாளும் நீட்டி, எழுதியாவது சொல்லும்படி வற்புறுத்தினார். நடக்கவேண்டியது நடந்தே தீரும், ஆகவே மௌனமே நலம் என்ற கருத்தில் அமைந்த அந்தச் சிறு குறிப்பையே முதல் எழுத்து உபதேசமாகக் கொள்கின்றனர். கேட்டவர் ஒருவர், எழுத வைத்தவர் வேறொருவர்.

1900 முதல் 1902 வரை நகராட்சி ஓவர்சியர் கம்பீரம் சேஷய்யர், தாம் படித்துக்கொண்டிருந்த யோக, வேதாந்த நூல்களின் ஐயங்களைக் கொண்டு வந்தார். தாள் துண்டுகளில் எழுதித் தரப்பட்ட விடைகளே பின்னர் 'விசார சங்கிரகம்' ஆயின. நூலில் யோகச் சொற்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் கேட்டவரின் படிப்பு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வினா விடையாக ஒன்றும் கட்டுரையாக ஒன்றுமாக இரு வடிவங்களில் அது வழங்குகிறது. 1902 வாக்கில் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை வந்தார். தத்துவம் படித்த பட்டதாரி. பிறர் நூலைப் பற்றிக் கேளாமல், தாம் யார் என்று தொடங்கினார். விடைகள் மணலிலும் பலகையிலும் தாளிலும் எழுதப்பட்டன. பிள்ளை அவற்றைப் பத்திரப்படுத்தி 1923இல் வெளியிட்டதே 'நானார்?'. முதலில் இருந்தவை 13 வினாக்கள் என்றும் 14 என்றும் சொல்வர். பிற்காலப் பதிப்புகளில் 28 அல்லது 30. உடல் நானல்ல, புலன்கள் நானல்ல என்று அடுக்கும் பகுதி முதலில் ரமணர் எழுதியதல்ல, வேதாந்தம் அறிந்த பிள்ளை தம் தெளிவுக்காகச் சேர்த்தது, அதைப் பின்னர் பார்த்த ரமணர் நீக்காமல் விட்டார் என்று பதிப்புகளை ஒப்பிட்டோர் கூறுகின்றனர். இது சரியானால், ரமண நூல்களில் மிகப் பரவலாகப் படிக்கப்படும் ஒன்றில் கேட்டவரின் வாக்கியம் விடைக்குள்ளேயே புகுந்து நிற்கிறது. 1920களின் பிற்பகுதியில் ரமணரே அதைக் கட்டுரையாக மாற்றி எழுதியபோது வினாக்கள் மறைந்தன; அவற்றின் வரிசை மட்டும் பெரிதும் தங்கியது.

1907 நவம்பர் 18இல் தவம் என்றால் என்ன என்று கேட்ட காவ்யகண்ட கணபதி முனிவர், ரமண மகரிஷி என்ற பெயரை நிலைநாட்டினார். 1913 முதல் 1917 வரையிலான உரையாடல்களை அவர் வடமொழியில் 'ரமண கீதை'யாக்கினார்: 18 அத்தியாயம், 300 சுலோகம். கேட்டவர் பெயரை மதித்துக் குறிக்கும் நூல் இது. 13ஆம் அத்தியாயத்தின் கேள்விகள் முனிவரின் மனைவி விசாலாட்சியுடையவை. அவையும் கணவர் வாயிலாகவே சென்றன. பெண் துறவு கொள்ளலாமா, முக்தி பெற்ற பெண்ணின் உடலை எரிப்பதா, சமாதி வைப்பதா என்று அவர் கேட்டார். விடை சமாதியை ஏற்றது. 1922 மே 19இல் அழகம்மாள் மறைந்தபோது அந்த விடையே வழிகாட்டியாகக் கொள்ளப்பட்டது. ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்தது. முகம் காட்டாத ஒரு பெண்ணின் கேள்விக்கு இவ்வளவு விளைவு இருந்தும், ஆசிரம வரலாறுகளில் அவர் பெயர் அரிது.

1911இல் போலீஸ் அதிகாரி ஹம்ப்ரீஸும், 1931இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டனும் வந்தபின் கேட்போர் கூட்டம் பெருகியது. முனகல வேங்கடராமய்யா 1935 மே 15 முதல் 1939 ஏப்ரல் 1 வரை எழுதிவைத்த உரையாடல் தொகுப்பில் 653 பகுதிகள். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் பேசப்பட்டவற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆகவே தமிழில் கேட்டு, தமிழில் விடை பெற்ற பேச்சுகளைக்கூடத் தமிழ் வாசகர் இன்று ஆங்கிலம் வழியாகத் திரும்பி வந்த நடையில் படிக்கிறார். கேட்டவரைப் பெரும்பாலும் அடியார் என்பதன் ஆங்கில முதலெழுத்து மட்டும் குறிக்கும். வழக்கறிஞர், பேராசிரியர், வெளிநாட்டார் தனித்துத் தெரிகின்றனர். 1907 முதல் நாள்தோறும் உணவு கொண்டுவந்த எச்சம்மாள் போன்றோர் கேட்போர் வரிசையில் அநேகமாக இல்லை. ராமநாதபுரத்தாரான முருகனார், 1939இல் வெளிவந்த 'குருவாசகக் கோவை'யில் உபதேசத்தை வெண்பாவாக்கியபோது கேட்டவரை அறவே விலக்கினார்.

விடை எல்லோருக்கும் ஒன்றே, ஆகவே கேட்டவர் யாராயினும் வேறுபாடில்லை என்பது, கேட்டவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்ற கருத்துக்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு. முருகனாரின் முறைக்கும் அதுவே நியாயம். சாரம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் சேஷய்யருக்குக் கிடைத்தது பிராணாயாமத்தை விளக்கும் நூல், விசாலாட்சிக்குக் கிடைத்தது சடங்கை மாற்றிய தீர்ப்பு. இவற்றை இடம் மாற்றிவிட முடியாது. உண்மையான உபதேசம் மௌனமே, பேச்சுப் பதிவுகள் மேலோட்டமானவை என்பது அடுத்த மறுப்பு, இது வலுவானது. எனினும் மௌனத்தின் சிறப்பை நாம் அறிவதும் அதைப் பற்றி யாரோ கேட்டதால்தான். 1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் கேள்வி ஏதுமின்றி உட்கார்ந்திருந்த நிகழ்ச்சி கூட, பேசியே ஆகவேண்டுமா என்று அவர் வினவியதால் பதிவேறியதாகச் சொல்லப்படுகிறது.

1945 மார்ச் முதல் 1947 ஜனவரி வரை தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பும், 1945 நவம்பர் முதல் சூரி நாகம்மாவின் தெலுங்குக் கடிதங்களும் இப்பதிவைத் தொடர்கின்றன. நாகம்மா கேட்டவரின் முகத்தையும் தயக்கத்தையும் சேர்த்தே எழுதுபவர். மற்றவர்கள் அதை விட்டுவிட்டார்கள். 1950 ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார். வேங்கடராமய்யாவின் தொகுப்பு 1955இல் அச்சேறியது. திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் ஆசிரமத்தின் பராமரிப்பில் உள்ளது. 'நானார்?' இன்றும் வினாக்களோடு ஒரு பதிப்பாகவும் வினாக்களின்றி ஒரு பதிப்பாகவும் விற்பனையாகிறது.