தொடுதிரைக்கு முன்னால் ஒரு கரும்பலகை

மதுரை கே.கே. நகரில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு பி.எட். படிக்கும் தங்கை ஒருவர் வருகிறார். மேலூர்ப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்தவர், வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியர். ஸ்மார்ட் போர்டில் பாடம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். "எந்தப் பட்டனை அமுக்கணும்னு சொல்லித் தந்துட்டாங்க அக்கா. யாரைக் கூப்பிட்டுத் தொடச் சொல்லணும்னுதான் யாரும் சொல்லலை" என்றார். எப்போதும் முன்பெஞ்சு நான்கு பேர்தான் எழுந்து வருகிறார்களாம். காலனிப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில்.

இந்தக் கேள்விக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது தோழர்களே.

1789இல் சென்னை எழும்பூரில், ராணுவ அநாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அசந்துபோனார். காகிதச் செலவில்லை, தப்பாகப் போனால் கையால் அழித்துவிடலாம். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் அசட்டை செய்யவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவன் சொல்லிக் கொடுத்துவிட்டான். 1797இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

நம் ஊர் மணல் கடல் தாண்டியது. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலிருந்த வண்டிப்பாதையைத் தாண்டவில்லை. திண்ணைப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு இடமேது? அடையாறில் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தது 1894இல்தான். பெல் மணலைப் பார்த்து நூறு வருடம் கழித்து.

பள்ளிக்குள் நுழைந்த பிறகும் கதை முடியவில்லை. சாதாராவில் படித்தபோது அம்பேத்கர் உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுபோனார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பிறகு பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. அது அரசுப் பள்ளி, பெருநகரம், யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடச் சொன்னார். வகுப்பே கூச்சலிட்டது. மற்ற மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் நெருங்குவதற்குள் டப்பாக்களை எடுக்க முண்டியடித்து ஓடினார்கள். தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

அன்றைய வகுப்பறையின் பெரிய தொழில்நுட்பம் அந்தப் பலகைதான். அரசுக் காசில் வாங்கியது. யார் எழுதினாலும் எழுத்து விழும். பலகை யாரையும் தடுக்கவில்லை, அதைச் சுற்றியிருந்த ஏற்பாடுதான் தடுத்தது. ஆனாலும் அந்த ஆசிரியர் கூப்பிட்டார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். கூப்பிடாமல் விட்டிருந்தால் கூச்சலும் இல்லை, பதிவும் இல்லை. வகுப்பு அமைதியாக நடந்திருக்கும். இன்று பல வகுப்புகள் அப்படித்தான் அமைதியாக நடக்கின்றன.

2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். நமக்குத் தெரிந்த பல காலனி வீடுகளில் முதல் கணினி அதுதான். 2018இல் பாடநூலில் க்யூஆர் கோடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி. 2020 ஊரடங்கில் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தபோதோ, அண்ணன் வேலைக்குக் கிளம்பினால் வீட்டின் ஒரே போனும் கூடவே கிளம்பியது. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு, தகவல் தொழில்நுட்பமும் அதில் உண்டு. தங்கை தன் குறிப்பேட்டைக் காட்டினார். ஸ்லைடு, வீடியோ, இணைய வினாடி வினா எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தார். அம்பேத்கரின் கரும்பலகைக் கதையையும் அதிலேயே எழுதி வைக்கும்படி சொன்னோம்.

போன வாரம் அவர் வருகைப் பதிவேட்டைக் கடைசிப் பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். ஆளுக்கு ஒருமுறை திரையைத் தொட வேண்டும். முதலில் வந்த காலனிப் பையன் உள்ளங்கையை டவுசரில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டானாம். "துடைக்க வேண்டாம்டா, அப்படியே தொடு" என்றாராம் தங்கை. தொட்டான். இலையின் படம் பெரிதானது. ஏழு பேர் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை என்று பதிவேட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.