கூத்து ஜமாவிலிருந்து கூத்துப் பள்ளிக்கு: பெருங்கட்டூர் ராஜகோபால்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம், அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரிய பாறைச் சிற்பம். (அது கங்கை பூமிக்கு இறங்கும் காட்சி என்று வாதாடுபவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) கடற்கரையை விட்டு மேற்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் போனால் இதே தபசை ஆள் நடிக்கிறார். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். கீழே ஊரே கூடி நிற்கும். கல்லில் இருக்கும் தபசைக் காப்பாற்றத் தொல்லியல் துறை இருக்கிறது. மரத்தில் ஏறுகிற ஆளுக்கு?

இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர்களில் ஒருவர் பெ. ராஜகோபால். 1953இல் பிறந்தவர். ஊர் செய்யாறு பக்கத்துப் பெருங்கட்டூர். அப்பா பொன்னுசாமி கூத்து வாத்தியார். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் ஜமாவில் சேர்ந்தார் ராஜகோபால். பின்னாளில் ஜமாவை நடத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

ஜமா நடத்துவது என்றால் வேஷம் கட்டிப் பாடுவது மட்டும் இல்லை. ஊர்க்காரர்களிடம் தேதி பேச வேண்டும், முன்பணம் வாங்க வேண்டும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணைக்கு ஆள் பிடிக்க வேண்டும். வேறு ஜமாவுக்குப் போய்விடாதபடி நடிகர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து வைக்க வேண்டும். விடிய விடிய ஆடி முடித்ததும் பங்கு பிரிக்க வேண்டும். இன்றைக்கு சினிமா இசை நிகழ்ச்சிகளுக்கு "மேனேஜர்" என்று தனி ஆள் செய்கிற வேலையை, முகத்தில் அரிதாரம் காயாமலே செய்தவர்கள் கூத்து வாத்தியார்கள்.

1990இல் சக கலைஞர்களோடு சேர்ந்து காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். (1997 வரை காஞ்சிபுரமும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.) நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆய்வு செய்ய வந்து, அவருக்கே மனைவியான ஹன்னா டி ப்ரூயின் இதில் கூடவே நின்றார். "தெருக்கூத்து" என்ற பெயரை ராஜகோபால் ஏற்கவில்லை. கிரீடம், புஜக்கட்டை என்று உடம்பில் கட்டுகிற மர அணிகள்தான் இந்தக் கலையின் அடையாளம், ஆகவே கட்டைக்கூத்து என்பது அவர் கட்சி. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தெருவில் ஆடுகிறவன்தானே என்று கூலி பேசுகிறவரிடம் பெயருக்கும் ஒரு விலை உண்டு!

பெரிய வேலை 2002இல் வந்தது. காஞ்சிபுரத்துக்கு வெளியே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் படித்து, கூத்தும் கற்கலாம். இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். கதகளிக்கு 1930இலேயே கேரள கலாமண்டலம் வந்துவிட்டது. பரதத்துக்கு 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது. கிராமத்து ஏழைகள் பிழைப்புக்காக ஆடும் கூத்துக்கு அப்படி ஒன்று அமையவில்லை. நாடக உலகின் பாய்ஸ் கம்பெனிகளைப் பாருங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, டி.கே.எஸ். சகோதரர்கள் என்று எத்தனை பேரை அவை உருவாக்கின! ஆனால் அங்கே சேர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. ராஜகோபாலுக்கும் அதுதான் நடந்தது. கலையா படிப்பா என்று பத்து வயதுப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக்கூடாது என்பதுதான் குருகுலத்தின் அடிப்படை.

இன்னொன்று, பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கூத்தில், சிறுமிகள் கட்டை கட்டி ராஜா வேஷத்தில் வந்து நின்றார்கள். ஊர் முணுமுணுக்காமலா இருந்திருக்கும்? ஆனாலும் விடிய விடிய ஆடினார்கள்.

இப்படி ஒரு பள்ளியை நடத்துவது ஜமா நடத்துவதை விடக் கடினம். ஜமாவுக்கு ஊர் பணம் தரும். ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வாத்தியார் சம்பளத்துக்கும் நன்கொடைதான் வழி. 18 ஆண்டுகள் நடந்த குருகுலம் 2020இல் மூடப்பட்டது. சங்கம் மூடப்படவில்லை. அங்கே படித்தவர்களில் சிலர் கூத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். தேதி பேசும் வேலையும் முன்பணக் கணக்கும் இப்போது அவர்கள் கையில்.