சாவைத் தள்ளிப்போட்ட மலை: ஷாங்ரி-லா பிறந்த கதை

ஷாங்ரி-லா என்றதும் பனிமலை, பசுமையான பள்ளத்தாக்கு, நரை திரை காணாத துறவிகள் என்று ஒரு காட்சி மனதில் வந்து நிற்கும். திபெத்தியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பழங்கதை என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்த ஊருக்கு இன்னும் நூறு வயது நிரம்பவில்லை. 1933-ல் வெளிவந்த 'லாஸ்ட் ஹொரைசன்' என்ற ஆங்கில நாவலில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டியது. எழுதியவர் ஜேம்ஸ் ஹில்டன் என்ற இங்கிலாந்துக்காரர். லண்டன் புறநகரில் உட்கார்ந்து எழுதினார். திபெத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

வேண்டிய சரக்கு அவருக்குப் பிரிட்டிஷ் மியூசியத்து நூலகத்தில் கிடைத்தது. யூக், கபே என்ற இரு பிரெஞ்சுப் பாதிரியார்கள் 1846-ல் லாசா வரை போய்ச் சேர்ந்தவர்கள். அந்தப் பயணத்தைப் பற்றிய நூல் தனக்குக் கைகொடுத்ததாக ஹில்டனே சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்பு, 18-ஆம் நூற்றாண்டில், கப்புச்சின் சபைத் துறவிகள் லாசாவில் தங்கிச் சமயப்பணி செய்திருக்கிறார்கள். பௌத்தத்தின் காலச்சக்கர தந்திரத்தில் ஷம்பாலா என்னும் மறைந்த நாடு வருகிறது. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1920-களில் மத்திய ஆசியாவில் அலைந்து திரிந்து அந்தப் பெயரை மேற்குலகில் பரப்பியிருந்தார். 1933 ஏப்ரலில் விமானங்கள் எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலேயே பறந்துவிட்டன. யார் கண்ணிலும் படாத இடம் ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்ற ஏக்கம் அந்தக் காலத்துக்கே பொதுவாக இருந்தது.

ஆனால் இந்தச் சரக்கையெல்லாம் கதையாக உருக்கியது போர்ப் பயம். முதல் உலகப் போர் நடந்தபோது ஹில்டன் கேம்பிரிட்ஜில் பள்ளி மாணவர். மேல் வகுப்பை முடித்த பையன்கள் நேராகப் போர்முனைக்குப் போன காலம் அது. நாவல் வெளியான ஆண்டின் தொடக்கத்தில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மே மாதம் ஜெர்மானிய நகரங்களின் சதுக்கங்களில் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அடுத்த போர் வந்தால் குண்டு வானத்திலிருந்து விழும், ஊரோடு நூலகமும் போய்விடும் என்று விவரம் தெரிந்தவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு ஹில்டன் கட்டிக் கொடுத்த வீடுதான் ஷாங்ரி-லா.

கதை 1931-ல் தொடங்குகிறது. கலவரம் மூண்ட பாஸ்குல் என்ற ஊரிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் விமானம், போகவேண்டிய திசையை விட்டுக் குன்லுன் மலைத்தொடருக்குள் போய் விழுகிறது. அந்த நால்வரில் ஒருவர் ஹ்யூ கான்வே. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. போரில் அடிபட்டு, எதிலும் பற்று விட்டுப்போனவர். மலைமேல் இருக்கும் ஷாங்ரி-லா மடாலயத்துக்கு அவர்களை அழைத்துப் போகிறார்கள்.

அங்கே கான்வே கண்டு வியப்பது தியான மண்டபத்தை மட்டுமல்ல. அறைகளில் சூடேற்றும் வசதி இருக்கிறது. குளியலறையில் பச்சை நிறப் பீங்கான் தொட்டி; அதில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் பெயர் பொறித்திருக்கிறது. பள்ளத்தாக்கில் தங்கம் கிடைக்கிறது. அதைக் கொடுத்து, தொலைவிலிருந்து சுமைகூலிகள் வழியாக வேண்டியதை வரவழைத்துக்கொள்கிறார்கள். குளியல் தொட்டி வந்த வழியில்தான் பியானோவும் ஆயிரக்கணக்கான நூல்களும் வந்தன. ஷோப்பானின் மாணவர் ஒருவர், குருவின் அச்சேறாத இசையை நினைவிலிருந்து வாசித்துக் காட்டுகிறார்.

இத்தனைக்கும் தலைவர் பெரோ பாதிரியார். லக்சம்பர்க்கில் பிறந்த கப்புச்சின் துறவி. 1734-ல், 53 வயதில், சாகக் கிடந்த நிலையில் இந்தப் பள்ளத்தாக்கை அடைந்தவர். கான்வே அவரைச் சந்திக்கும்போது வயது 250. மெல்லிய காற்று, மூச்சுப் பயிற்சி, அங்கே விளையும் ஒரு பழத்தின் மருந்து, எதிலும் அளவு மீறாத வாழ்க்கை ஆகியவற்றால் முதுமையைத் தள்ளிப்போடும் வித்தை கைவந்திருந்தது. இங்கே யாரும் சாகாவரம் பெற்றவரில்லை. பெரோவும் கடைசியில் இறக்கிறார்.

இந்த நீண்ட ஆயுள் எதற்கு என்று அவர் சொல்லும் இடம்தான் நாவலின் உயிர்நாடி. உலகம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒரு புயல் வருகிறது. அப்போது நூல்களும் இசையும் மனிதப் பண்பும் ஓரிடத்திலாவது பத்திரமாக இருக்கவேண்டும். புயல் ஓய்ந்தபின் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் ஆயுளை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் ஹில்டன் மறைக்கவில்லை. ஆள் பற்றாக்குறையால்தான் அந்த விமானத்தைக் கடத்தினார்கள். வந்தவர் திரும்பிப் போக வழி கிடையாது. வெளியேறினால் நின்றுபோன வயது ஒரேயடியாக வந்து சேரும். இன்னொரு குறை ஆசிரியர் கண்ணுக்கே தெரியாதது: அந்த வித்தை திபெத்தியருக்கு அவ்வளவாகப் பலிக்காது, ஐரோப்பியருக்கே நன்றாகப் பலிக்கும் என்கிறார் பெரோ. மலை திபெத்தியருடையது, ஆளுவது வெளியிலிருந்து வந்தவர்கள். காலனி ஆட்சியின் பார்வை அந்த மடத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. இன்று படிப்பவர் அதைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

நாவலுக்கு 1934-ல் ஹாதார்ன்டன் பரிசு கிடைத்தது. 1937-ல் பிராங்க் காப்ரா அதைத் திரைப்படமாக்கினார். 1939-ல் அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் மலிவுப் பதிப்புகளைத் தொடங்கியபோது வரிசையில் முதல் எண் இந்த நூலுக்குத்தான். 1942-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தம் மலை ஓய்விடத்துக்கு ஷாங்ரி-லா என்று பெயரிட்டார்; இன்றைய கேம்ப் டேவிட் அதுதான். அதே ஆண்டு டோக்கியோவில் குண்டு வீசிய அமெரிக்க விமானங்கள் எங்கிருந்து கிளம்பின என்று கேட்டவர்களிடம், ஷாங்ரி-லாவிலிருந்து என்றார். 1944-ல் அந்தப் பெயரில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலே கடலில் இறங்கியது. பிறகு ஹோட்டல்கள் வந்தன. 2001-ல் சீன அரசு யுன்னான் மாகாணத்தின் ஜோங்டியன் வட்டாரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட, சுற்றுலாக் கூட்டம் அங்கே திரண்டது.

இவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டது மலையின் அழகையும் ஆயுள் ஆசையையும்தான். குண்டுக்கு அஞ்சிப் பிறந்த பெயரைப் போர்க்கப்பலில் எழுதியது எனக்கு இன்றும் ஆறவில்லை. கட்டிக் காக்கும் பொறுப்பை உதறிவிட்டால் ஷாங்ரி-லாவில் மிஞ்சுவது வெறும் பணக்காரர் விடுதி.

ஹில்டன் அஞ்சியது நடந்தது. 1941 மே மாதம் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் மேல் தீக்குண்டுகள் விழுந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அழிந்தன. அதே ஆண்டு லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை வேல்ஸ் நாட்டின் மனாட் மலைக்குள், பலகைக்கல் சுரங்கம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தது. பெரிய படங்கள் நுழைவதற்காகச் சுரங்க வாயிலை வெடிவைத்து அகலப்படுத்தினார்கள். உள்ளே செங்கல் அறைகள் கட்டி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சீராக வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-ல் அத்தனையும் லண்டனுக்குத் திரும்பின.

அங்கே மாயப் பழமும் இல்லை, 250 வயதுத் துறவியும் இல்லை. பெரோ கனவு கண்ட வேலையைச் சாகப் பிறந்த சாதாரண மனிதர்கள் நான்கே ஆண்டில் செய்து முடித்தார்கள். அதற்காக யாரையும் கடத்தவில்லை, யாரையும் பூட்டிவைக்கவுமில்லை. ஆயுளை நீட்டும் வித்தை கைவரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். இருக்கிற ஆயுளில், நமக்குப் பின்னால் வருபவர்களுக்காக எதைக் காப்பது என்று முடிவு செய்தால் போதும்.