கால்வாய்க் கோட்டுக்கு மேற்கே: சித்தன்னவாசல் வட்டாரமும் உணவுத் திட்டமிடலின் எல்லைகளும்

இந்தியாவின் உணவுத் திட்டமிடல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாசன உறுதியுள்ள நிலத்தை முதன்மையாகவும், மழையையும் குளத்தையும் நம்பிய நிலத்தை எச்சமாகவும் கருதி நடந்துவந்துள்ளது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் தெளிவான சான்று. மாவட்டத்தின் கிழக்குப் பகுதி கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி நீரைப் பெறுகிறது. மேற்கே அன்னவாசல் ஒன்றியத்தில் அமைந்த சித்தன்னவாசலும் அதைச் சூழ்ந்த ஊர்களும் வானம் பார்த்த பூமியாகவே இருக்கின்றன. மேட்டூர் அணையோடு 1934இல் நிறைவுற்ற அக்கால்வாயின் எல்லையே பின்னர் வந்த திட்டங்களுக்கும் சட்டங்களுக்கும் எல்லையாகிவிட்டது என்பதும், நீடித்த வேளாண்மையை நாடும் திட்டமிடல் அந்த எல்லையை விடுத்துக் குளத்தொடரை அலகாகக் கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைக் குளத்தை, அதன் மீன்களையும் யானைகளையும் எருமைகளையும் பூப்பறிக்கும் மனிதர்களையும் சுட்டி, ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் நீர்வளம் மிக்கதாக இருந்தது என்று கூறுவோர் உண்டு. அவ்வோவியம் சமண மரபின் சமவசரணம், அதாவது தீர்த்தங்கரர் அறமுரைக்கும் பேரவை, பற்றிய கருத்தைச் சித்திரிப்பது என்று கலை வரலாற்றாளர் விளக்கியிருப்பதால், அதை நீரியல் ஆவணமாக வாசிப்பது பொருந்தாது. இந்நிலத்தின் நீர் வரலாற்றுக்கு உரிய சான்று வேறிடத்தில் உள்ளது. குளங்களின் உட்பகுதியில் இன்றும் நிற்கும் கற்றூண்களும், குளம் வெட்டியதையும் குமிழி அமைத்ததையும் பதிவுசெய்யும் கல்வெட்டுகளுமே அச்சான்றுகள்; புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் நீர்நிலை பற்றிய கொடைகளும் இடம்பெறுகின்றன.

குமிழி என்பது கரையில் அமையாமல் குளத்தின் உள்ளே அமையும் மதகு. இரு கற்றூண்களுக்கு இடையே, அடியில் உள்ள கற்றொட்டியின் துளையை அடைக்கும் கல்லை மேலே தூக்கினால், நீரோடித் துளை வழியே தெளிந்த நீரும், அதனினும் தாழ்ந்த சேறோடித் துளை வழியே வண்டல் கலந்த நீரும் நிலத்தடிக் கால்வாய்க்குள் இறங்கி வயலை அடையும். ஒரே அமைப்பு பாசனத்தையும் தூர் அகற்றலையும் உரமிடலையும் செய்தது என்பது இதன் சிறப்பு. ஒரு குளம் நிறைந்ததும் மிகை நீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த குளத்தின் வரத்துவாரியில், அதாவது நீர் கொண்டுவரும் ஓடையில், சேர்ந்தது. இவ்வாறு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிக் கோக்கப்பட்ட குளங்களின் வரிசையே குளத்தொடர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைக் கொண்ட மாவட்டம் இது என்பதால், இவற்றைத் தனித்தனிக் குளங்களாக எண்ணுவது இவற்றின் இயக்கத்தையே மறப்பதாகும்.

விடுதலைக்குப் பிந்தைய திட்டமிடல் இந்த அமைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம், விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒருசேர வழங்குவதற்கு உறுதியான பாசனமுள்ள மாவட்டங்களையே தேர்ந்தது. தமிழகத்தில் அவ்வாய்ப்பைப் பெற்றது தஞ்சாவூர். 1965 ஜனவரியில் தோன்றிய இந்திய உணவுக் கழகமும் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. அன்று, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே உள்ள அறந்தாங்கி வட்டம் தஞ்சாவூர் மாவட்டத்திலும், 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பழைய சமஸ்தானப் பகுதியான சித்தன்னவாசல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இருந்தன. இரண்டும் புதுக்கோட்டை என்ற ஒரே மாவட்டத்தின் கீழ் வந்தது 1974இல். 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்ய நேர்ந்த நாடு, விரைவில் விளைச்சல் தரும் நிலத்தில் முதலிட்டதைக் குறைகூற இயலாது. நெருக்கடிக்காக வகுத்த அளவுகோல் நெருக்கடி தீர்ந்த பின்னும் மாறாமல் நின்றதே குறை.

2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் இதற்குச் சான்று. புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் பின்னணியில் வந்த அச்சட்டம், எண்ணெய், எரிவாயு அகழ்வையும் தோல் பதனிடுதல், உலோக உருக்கு போன்ற தொழில்களையும் மண்டலத்துக்குள் புதிதாகத் தொடங்கத் தடைவிதித்தது. அந்த அளவில் அது பாராட்டத்தக்கது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து அதன் பட்டியலில் இடம்பெற்றவை அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் மட்டுமே. அன்னவாசல் இல்லை. வேளாண்மை என்றால் காவிரிக் கரை என்ற பழைய எண்ணம் இங்குச் சட்ட வடிவம் பெற்றுவிட்டது.

இயற்கை அமைப்பை நோக்கினால், பாதுகாப்பு மேற்குப் பகுதிக்கே கூடுதலாகத் தேவை. மாவட்டத்தின் கிழக்கில் படிவுப் பாறைகள் ஆழத்தில் நீரைத் தேக்கிவைத்துள்ளன. சித்தன்னவாசலைச் சுற்றியோ கடினப் பாறை, அதன் வெடிப்புகளில் தங்கும் சிறிதளவு நீரே கிணற்றுக்கு ஆதாரம். அவ்வெடிப்புகளுக்குள் நீரை இறக்குவது குளம். 1990 வாக்கில் தமிழகம் முழுவதும் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வந்தபின், தனக்கென ஆழ்துளைக் கிணறு அமைத்துக்கொள்ள முடிந்தவருக்குக் குளத்து மராமத்தில் அக்கறை குறைந்தது; முடியாதவர் ஆயக்கட்டில், அதாவது குளப் பாசனத்துக்குரிய நிலத்தில், தனித்து நின்றார். 1960களில் தமிழகத்தில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஹெக்டேராக இருந்த ஏரிப் பாசனப் பரப்பு பிற்காலத்தில் பாதிக்கும் கீழாகச் சுருங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்றொரு காரணம் நிர்வாகப் பிரிவினை. நாற்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய குளம் நீர்வளத் துறைக்கு உரியது; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு; நீர்ப்பிடிப்பில் உள்ள காடு வனத்துறைக்கும், 1974இல் தொடங்கப்பட்ட வனத்தோட்டக் கழகத்துக்கும்; இடையில் ஓடும் வாரியின் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு. தைலமரத் தோட்டங்களில் மழைநீரை உள்ளேயே நிறுத்த வெட்டப்படும் அகழிகளும் வரப்புகளும் குளத்துக்கான வரத்தைத் தடுக்கின்றன என்று மாவட்டத்து விவசாயிகள் நெடுங்காலமாக முறையிடுவதை எந்த ஒரு துறையும் முழுமையாகத் தீர்க்க முடியாமல் இருப்பது இதனால்தான். 2017இல் மீண்டும் உயிர்பெற்ற குடிமராமத்துத் திட்டமும், அதாவது ஊரார் பங்களிப்போடு குளங்களைச் சீரமைக்கும் திட்டமும், குளம் குளமாகவே மதிப்பீடு வகுத்தது. கரை உயர்ந்து, மதகு புதிதாகி, வாரி அடைபட்டே கிடந்தால், அக்குளத்தில் தேங்குவது அதன்மேல் பெய்யும் மழை மட்டுமே.

1996இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாட்டின் வரையறையை ஒட்டி, உணவுப் பாதுகாப்பு இன்று கிடைப்பு, எட்டும் நிலை, உடல் பயன்பாடு, நிலைப்பு என நான்கு கூறுகளாக விளக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதை 2016 நவம்பரில் ஏற்றபோதும் அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடாத தமிழகத்தின் கொள்கையும் எட்டும் நிலையைப் பெருமளவு உறுதிசெய்துள்ளன; சித்தன்னவாசல் ரேஷன் அட்டைதாரருக்கும் விலையில்லா அரிசி கிடைக்கிறது. நிலைப்பு அவ்வாறு உறுதிப்படவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சிக்குட்பட்டவையாக அறிவிக்கப்பட்டபோது, காவிரிப் படுகையும் சேர்ந்தே வாடியது; ஒரே ஆற்றின் நெல்லைச் சார்ந்த கொள்கையின் பலவீனம் அது. குறைந்த நீரில் விளைந்து மண்ணுக்குத் தழைச்சத்தும் உணவுக்குப் புரதமும் தரும் உளுந்து முதலிய பயறுகளை ஆராய்ந்து, வம்பன் ரகங்களை வெளியிட்ட தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இதே மாவட்டத்து வம்பனில் இருப்பினும், கொள்முதல் அமைப்பு இன்றும் நெல்லையே மையமாகக் கொண்டுள்ளது. விதை இருந்தும் அதன் விளைச்சலுக்கு நிலையான சந்தை இல்லாத நிலத்தில் பயிர் மாற்றத்தை அறிவுரையால் மட்டும் கொண்டுவர முடியாது.

2021 பிப்ரவரியில் விராலிமலை வட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டம், காவிரிக் கரையிலுள்ள மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய் வழியே வெள்ளநீரை இப்பக்கம் கொண்டுவரும் என எதிர்பார்க்கப்படுகிறது. வெள்ளம் ஆண்டுதோறும் வருவதன்று. வரும் சில நாள்களில் அதை வாங்கித் தேக்க ஒழுங்கான குளத்தொடர் வேண்டும் என்பதால், இத்திட்டம் குளங்களுக்கு மாற்றாகாது, அவற்றின் சீரமைப்பை முன்நிபந்தனையாக்குகிறது. ஆகவே வரத்துவாரிகளின் அளவீடும் ஆக்கிரமிப்பு அகற்றலும் கால்வாய்ப் பணிக்கு முன்னதாக நிகழ வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தொழில்களைத் தடுப்பதோடு முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஆணையம் ஒன்றையும் நிறுவுகிறது. துறைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் குளத்தொடரை ஒரே பார்வையில் ஆளத்தக்க பொது அமைப்பு மேற்கு ஒன்றியங்களுக்கு இல்லாத நிலையில், அவ்வாணையத்தின் வரம்பு அவற்றுக்கும் நீட்டிக்கப்படுவது தகும். மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்க்க 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அன்னவாசல், குன்றாண்டார்கோவில், விராலிமலை ஒன்றியங்களைச் சேர்க்கவும் அதுபோன்ற ஒரு திருத்தத்தைச் சட்டப்பேரவை கொண்டுவர வேண்டும்.