ஒற்றைக் கையிலிருந்து நான்கு கிளைக்கு: புரதத் தூய்மையாக்க ஈனிகளின் வடிவ வளர்ச்சி

புரதங்களைப் பிரிக்கும் நிறப்பிரிகை முறையின் வரலாறு பெரும்பாலும் தாங்கிப் பொருட்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1956இல் பீட்டர்சனும் சோபரும் கொண்டுவந்த செல்லுலோஸ் அயனிப் பரிமாற்றிகள், 1959இல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து போராத்தும் ஃப்ளோடினும் வெளியிட்ட டெக்ஸ்ட்ரான் களி, அடுத்து அகரோஸ் மணிகள் என்று அந்த வரிசை நீளும். தாங்கியின் மேல் நின்று புரதத்தைப் பற்றுவது ஈனி. அதன் வடிவம் மாறிவந்த விதத்துக்கு அந்த வரிசையில் உரிய இடம் இல்லை. இத்துறையின் உண்மையான வடிவமைப்புச் சிந்தனை அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

அகரோஸைச் சயனோஜன் புரோமைடால் கிளர்வூட்டினால் அமீன் தொகுதியுள்ள மூலக்கூறுகளை அதில் பிணைக்கலாம் என்று 1967இல் ஆக்சென், போராத், எர்ன்பாக் மூவரும் காட்டினர். மறு ஆண்டே குவாட்ரகாசஸ், வில்செக், அன்ஃபின்சன் ஆகியோர் அதைக் கொண்டு நாட்டப் பிரிகையை நிறுவினர். கைமோடிரிப்சின் என்ற நொதியைக் கொண்டு அவர்கள் செய்த சோதனை ஊன்றிப் பார்க்கத் தக்கது. டி-டிரிப்டோஃபன் மெத்தில் எஸ்டரை அகரோஸில் நேராக ஒட்டியபோது நொதி சற்றே தாமதித்துக் குழாயைவிட்டு இறங்கிவிட்டது. அதே ஈனியை ஆறு கார்பன் நீளமுள்ள அமினோகப்ரோயிக் அமிலக் கையின் நுனியில் வைத்தபோது நொதி இறுகப் பற்றிக்கொண்டது. அசிட்டிக் அமிலம் ஊற்றிய பிறகே வெளிவந்தது. ஈனி மாறவில்லை, அது நின்ற தூரம் மட்டுமே மாறியது. நொதியின் வினைமையம் உள்ளொடுங்கிய குழி. தாங்கியின் பரப்போடு ஒட்டிக்கிடக்கும் ஈனியால் அதற்குள் நுழைய இயலாது.

கை முளைத்த பின் அது கிளைப்பதற்கு லைசின் என்ற அமினோ அமிலம் உதவியது. லைசினில் இரண்டு அமீன்கள் உண்டு. 1987இல் ஹோச்சுலியும் உடன் ஆய்வாளர்களும் ஓர் அமீனைத் தாங்கியோடு இணைத்து, மற்றதில் நிக்கலைக் கவ்வும் கொடுக்கை அமைத்தனர். முந்தைய இமினோ டைஅசிட்டிக் அமிலம் உலோகத்தை மூன்று இடங்களில் பிடித்தது. இந்தப் புதிய ஈனி நான்கு இடங்களில் பிடித்து, புரதத்தின் ஹிஸ்டிடினுக்கென இரண்டை விட்டுவைத்தது. 1988இல் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டாம் இரு அமீன்களிலும் சங்கிலிகளை வளர்த்தார். ஒரு லைசின் இரண்டு கிளை தரும். அவற்றின் நுனிகளில் மேலும் இரு லைசின்களை வைத்தால் நான்கு. அவர் நாடியது தடுப்பூசி. பிரிகை ஆய்வாளர்கள் அதே சட்டகத்தை எடுத்துக்கொண்டனர்.

1990இல் மெர்க் நிறுவனத்தின் முல்லர், சீரியம் உப்பின் துணையால் மணிகளின் பரப்பில் நெடிய பலபடிச் சங்கிலிகளை வளர்த்து 'உணர்கொம்பு' வகை அயனிப் பரிமாற்றிகளை உருவாக்கியதும் இக்காலத்ததே. அச்சங்கிலிகள் மின்சுமைகளைப் பரப்பிலிருந்து விலக்கி நிறுத்தின. ஆனால் அவற்றின் அமைப்பு திட்டமிட்ட கிளைப்பு அன்று.

திட்டமிட்ட கிளைப்பின் சிறந்த சான்று, இத்தாலியில் ஃபாசினாவின் குழு 1996இல் விவரித்த ஈனி. எதிர்ப்பொருள்களைப் பிரிக்கப் பயன்படும் புரதம்-ஏ ஒரு பாக்டீரியப் புரதம். எடை ஏறத்தாழ 42,000 டால்டன். அதற்கு மாற்றாக அவர்கள் அமைத்தது சுமார் 2,100 டால்டன் எடையுள்ள சிறு மூலக்கூறு. அடியில் ஒரு கிளைசின், அதன்மேல் மூன்று லைசின்களாலான மையம், நான்கு நுனிகளிலும் அர்ஜினின், திரியோனின், டைரோசின் என்ற ஒரே தொடர். புரதம்-ஏ சரிவரப் பிடிக்காத ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளையும் இது பற்றியது. புரதம்-ஏயிலிருந்து எதிர்ப்பொருளை விடுவிக்கப் பொதுவாகக் கடும் அமிலச் சூழல் வேண்டும். அதில் சில எதிர்ப்பொருள்கள் திரண்டு கெடும். சிறிய ஈனி மிதமான நிலையிலேயே அவற்றை விட்டது. 1998இல் கேம்பிரிட்ஜின் லோவ் குழு டிரையசின் வளையத்தை மையமாக்கி, புரதம்-ஏயின் இரு அமினோ அமிலங்களை ஒத்த கிளைகளை அதில் பொருத்தியது. சாயத் தொழிலில் பழகிய அந்த வளையத்துக்கு இப்படியொரு பயன் கண்டது அருமையான யோசனை.

ஆயினும் தொழிற்சாலைகளில் இன்றும் புரதம்-ஏயே கோலோச்சுகிறது. தேர்ந்து பற்றும் திறனில் அது முந்தி நிற்பதே காரணம். கிளைகளைக் கூட்டினால் இதை வென்றுவிடலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. எதிர்ப்பொருளின் அடிப்பகுதி ஒரேபோன்ற இரு பாதிகளால் ஆனது. நான்கு நுனிகளும் ஒருசேர அதைத் தொட வேண்டிய தேவை இல்லை. நெருக்கமாக நட்ட ஈனிகள் ஒன்றையொன்று மறைக்கும். பல முனைகளில் ஒட்டிய புரதத்தைக் கழுவி எடுப்பதும் கடினமாகும். எனவே கிளைகளுக்கு இடையிலான தூரமும், மணியின் பரப்பில் ஈனியின் செறிவும் தனித்தனியே மாற்றி அளக்கப்பட வேண்டும்.