நாடக மேடையும் பக்கவாத்தியமும்

இயல், இசை, நாடகம் என நம் முன்னோர் வகுத்த மூன்று தமிழும் ஒருங்கே கூடும் இடம் நாடக மேடை. அம்மேடையில் பாடி நடித்தோரின் புகழை நாம் நன்கு அறிவோம். அவர்களுக்குச் சுருதியும் தாளமும் தந்து துணைநின்றோரை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தம் வரலாற்றை இங்குச் சிறிது நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேனாட்டு அரங்குகளிலும் நாடகத்துக்கு இசை பெருந்துணையாக இருந்தது. லண்டனில் 1737ஆம் ஆண்டுச் சட்டத்தால், வசன நாடகம் நடத்தும் உரிமை ஒருசில அரங்குகளுக்கே இருந்தது. ஏனைய அரங்குகள் பாட்டையும் வாத்தியத்தையும் கலந்தே நாடகம் நடத்தின. 1843இல் அவ்வுரிமை பொதுவான பின்னும் இசை அரங்கை விட்டு அகலவில்லை. ஆயினும் வாத்தியக் குழுவினரின் இடம் மேடைக்கு முன்னே, தாழ்வான பகுதியாகும். ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876இல் வாக்னர் திறந்த அரங்கிலோ, அக்குழு அவையோர் கண்ணுக்கே படாதவாறு மறைக்கப்பட்டது.

நம் மரபு வேறு. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவைக்கூத்தைக் காண்க. திரைக்குப் பின்னே விளக்குகள் வரிசையாக எரியும். பாவையை ஆட்டும் புலவரே கம்பன் கவியைப் பாடிப் பொருளும் உரைப்பார். ஆட்டுவோரும் பாடுவோரும் ஓரிடத்தில் நின்றே கூத்தை நடத்துவர்.

இங்ஙனம் கம்பன் கவி ஒலித்த மண்ணுக்குத் தமிழ்ச் சங்கீத நாடகமும் வந்தது. பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை இருப்புப்பாதை நிறைவெய்தவே, கணவாயைக் கடப்பது எளிதாயிற்று. நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகக் குழுக்கள் கேரள நாடெங்கும் சுற்றி வந்தன. அவற்றின் வழியைப் பின்பற்றி மலையாளத்திலும் சங்கீத நாடகம் தோன்றியது. டி. சி. அச்சுத மேனோன் 1892இல் இயற்றிய 'சங்கீத நைஷதம்' அவ்வகையில் முற்பட்டது.

பழைய தெருக்கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் முழங்கின. புதிய மேடையிலோ ஆர்மோனியம் தலைமை பெற்றது. ஐரோப்பாவில் பிறந்த இக்கருவி, பார்சி நாடகக் கம்பெனிகளின் மேடையில் வேரூன்றி, பார்சி மெட்டுகளுடன் தமிழ் மேடைக்கும் வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடிகர் பாட வேண்டியிருந்தது. அவர் மூச்சு வாங்கும்பொழுது பாட்டைத் தாங்கியவர் ஆர்மோனியக்காரர். பின்பாட்டும் அவருடையதே. கமகத்துக்கு இக்கருவி ஏற்றதன்று எனக் கருதி அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. நாடக மேடை அதனை ஒருநாளும் கைவிட்டதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலிய நாடகங்கள் மதுரை, தேனி வட்டாரத் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என இன்றும் நடைபெறுகின்றன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றியே மேடையில் ஒன்றுகூடுவர். விடியுமளவும் அந்நாடகம் தளராமல் நடப்பதற்கு மேடையோரம் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரருமே பெருங்காரணம்.

இத்தகையோருள் பெயர் நிலைத்தவர் சிலரே. 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு (1906–1933) அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார் என்பதை இன்றும் சொல்வோர் உளர். ஏனைய பலரை அவர்தம் ஊரும் மறந்துவிட்டது.

மேனாட்டார் வாத்தியக் குழுவைப் பள்ளத்தில் மறைத்தனர். நாமோ மேடையிலேயே இருத்திவிட்டு மறந்துபோனோம். பாலக்காட்டிலும் தேவிகுளம், பீருமேடு மலைத் தோட்டங்களிலும் வாழும் நம் குடும்பங்களில், நாடகம் பார்த்த முதியோர் இன்னும் உளர். வாசித்தவர் யார், எவ்வூரார் என அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். பழைய நாடக நோட்டீஸ் ஒன்று கிடைப்பினும் பேணிக் காப்போம். தாய்மண்ணை விட்டு வந்து வாழும் நாம் நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லத்தக்க செல்வங்களுள் அதுவும் ஒன்றாகும்.